சூடு ஆறாத சாம்பிள்

அவன் பரிசோதனைக்கூடத்துக்குள் வந்தபோது தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. கையில் துணி சுற்றிய ஒரு பாட்டில், அதில் அடர்சிவப்புத் தண்ணீர். பெரிய கண்கள்... அவற்றில் தூக்கமே இல்லை.

சாய ஆலையில் புதிதாகச் சேர்ந்த டையிங் மாஸ்டராம். துணி அலசிய தண்ணீரில் அமிலம் எவ்வளவு என்று உடனே தெரிய வேண்டுமாம்.

"இந்தச் சிவப்புல எந்த நிறம் மாறி என்ன தெரியப் போகுது?" என்றான்.

"நிறத்தை யார் பார்க்கிறா? மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு மீட்டர் சொல்லும். காரம் விட விடக் குறையும். அமிலம் தீர்ந்ததும் ஏறும். அந்தத் திருப்பம்தான் கணக்கு," என்றாள் சோதனை மேஜையில் இருந்தவள்.

"மீட்டர் பொய் சொல்லாதா?"

"அது என்ன, மனுஷனா?"

அவன் சிரித்தான். அவள் காரம் சொட்டும் பியூரெட் குழாயையே பார்த்தாள்... அவனைப் பார்த்துவிடக் கூடாதே என்று. மளமளவென்று வேலையை முடித்தாள். அமிலம் அளவுக்கு மேல் இருந்தது.

மறுநாள் போன் செய்தான். மானேஜர் கணக்கை முடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம். அமிலத்தை அளந்துதான் ஊற்றினேன், இன்னொரு தடவை பாருங்கள் என்றான். எனக்கே வேலை சொல்லித்தருகிறீர்களா என்று வெடுக்கென்று கேட்டு, வைத்துவிட்டாள்.

வைத்த பிறகு மனசு உறுத்தியது. மீதித் தண்ணீரை எடுத்தாள். பாட்டில் சில்லென்றிருந்தது. நேற்றோ கை பொறுக்காத சூடு...

சூடான தண்ணீரில் மின்சாரம் கூடுதலாகப் பாயும், ஆற ஆறத் தானாகக் குறையும். இதில் உப்பு வேறு ஏராளம். அத்தனை உப்புக்கு நடுவே அமிலம் காட்டும் மாற்றம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் ஆறாத சூடு குழப்பி, திருப்பத்தைத் தள்ளிக் காட்டியிருந்தது. படிக்கும் காலத்திலேயே தெரிந்த பாடம்! நிதானமாக மறுபடி பார்த்தாள். அமிலம் சரியாகத்தான் இருந்தது.

மழையோடு ஆலைக்கே போனாள். தப்பு தன்னுடையது என்று மானேஜரிடம் எழுதிக் கொடுத்தாள். வெளியே அவன், கணக்கு வாங்க வந்து நின்றிருந்தான்.

"ஆறவைக்காம பார்த்துட்டேன். மானேஜர்கிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

"அப்படி என்னங்க அவசரம்?"

பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீங்க எதிர்ல நின்னீங்க. கவனம் போச்சு. சீக்கிரம் அனுப்பிட்டா சரியாயிடும்னு நினைச்சேன்." தரையைப் பார்த்தாள். "நீங்க போனதுக்கப்புறமும் சரியாகல."

அவன் மானேஜர் அறைப் பக்கம் பார்த்தான்.

"இதையும் எழுதித் தருவீங்களா?"

"மாட்டேன்," என்றாள். "சொல்லிட்டேன்ல..."