முப்பத்தாறு புள்ளி எட்டு

நான்கு மணி நேரமாக அந்த எண் அசையவில்லை. முப்பத்தாறு புள்ளி எட்டு செல்சியஸ். வயிறு திறந்து கிடக்க, குருதி கசிய, குளிர்காற்று கொட்டும் அறுவை அரங்கில், உயிருள்ள உடலொன்றின் வெப்பம் ஒரு புள்ளிகூட ஏறாமலும் இறங்காமலும் நிற்குமா என்ற ஐயம், கருவிகளின் ஓயாத கீச்சொலிக்கும் சுட்ட சதையின் நெடிக்கும் இடையே, மயக்கப் பிரிவுச் செவிலியான அவளை ஊசியாய்த் துளைத்தது.

மேசையில் கிடந்தவர் அவளுடைய அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துபவர். இரைப்பையில் புற்று. காலையில் ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டபோது, “வயித்த எடுத்துக்கட்டும், மூளைய மட்டும் விட்டுவைக்கச் சொல்லு. அதுலதான் பொழப்பு ஓடுது” என்று அவளைச் சீண்டினார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நீண்ட அறுவையில் உடல் குளிர்ந்துபோனால், மயக்கம் தெளிந்தும் மனம் தெளியாமல் போகக்கூடும் என்பதை அறிந்தவள் அவள். அதனாலேயே வெப்பத்தைக் காக்கும் பொறுப்பைத் தானே கேட்டுப் பெற்றிருந்தாள்.

பெற்று என்ன செய்தாள்? தலைமை மருத்துவர் தமக்கு வியர்க்கிறது என்றார். அரங்கு இன்னும் குளிர்ந்தது. நோயாளியின் வெப்பக்காற்றுப் போர்வையையும் நிறுத்தச் சொன்னார். எண் சரியாகத்தானே இருக்கிறது என்றார். நிறுத்தினாள். 

இப்போது போர்வைக்குள் கையை விட்டாள். தோள் சில்லிட்டிருந்தது. மூக்கினுள் செலுத்திய வெப்பமானிக் கம்பியைத் தேடி விரல்கள் ஓடின. கம்பி மூக்கில் இல்லை. நழுவி, மருந்துநீரைச் சூடாக்கும் பெட்டியின்மேல் கிடந்தது.

நான்கு மணி நேரம். பெட்டியின் சூட்டை அண்ணனின் சூடென்று எழுதியிருக்கிறாள்.

மீண்டும் செலுத்தினாள். எண் சரிந்தது. முப்பத்தைந்து. முப்பத்து நான்கு. முப்பத்து மூன்று.

உண்மையைச் சொன்னாள். போர்வை மறுபடி இரைந்தது. அறுவை முடிந்து, உடல் சூடேறிய பிறகே, எதிர் அறையில் அவரை எழுப்பினார்கள்.

கண் திறந்தார். அவளைத் தாண்டி, அரங்கின் கதவையே பார்த்தார்.

“அண்ணா, நான் யாருன்னு தெரியுதா?”

“நர்ஸம்மா,” என்றார், மிகுந்த மரியாதையோடு. “என் தங்கச்சி உள்ளயே இருக்கா. குளிருதுங்கறா. நீங்க கதவச் சாத்திட்டு வந்துட்டீங்க.”

“உள்ள யாரும் இல்லண்ணா. நான்தான் உங்க தங்கச்சி.”

“அப்ப அது யாரு?”

திரும்பினாள். கழுவிப் பூட்டிய அரங்கு. விளக்கில்லை. ஆளில்லை. கதவின் வட்டக் கண்ணாடியில், உட்புறத்திலிருந்து, மூச்சின் ஆவி படர்ந்தது. ஐந்து விரல்கள் அதைத் துடைத்தன. மெல்ல.

துடைத்த இடத்தில் அவளுடைய முகம். உதடுகள் நீலம்.