அடி வாங்கிய கதவு

தணிகாசலத்தின் புதுமனை விழாவில் ஊரே வரிசையில் நின்று கதவைக் குத்தியது. தேவனாம்பட்டினத்தில் இப்போது அதுதான் வழக்கம். மொய் வைக்காவிட்டால்கூட மன்னிப்பார்கள். கதவுக்கு நாலு குத்து விடாமல் பந்தியில் உட்கார்ந்தால் முகம் சுளிப்பார்கள்.

கதவு, சுவர், கூரை எல்லாமே உயிர்நார்ப் பலகை. வாழைநாரைச் சாகவிடாமல் பிளாஸ்டிக்குக்குள் பதித்துச் செய்தது. எங்கே அடி விழுகிறதோ அங்கே நார் தடித்து வளரும். புயலுக்குக் கூரையைப் பறிகொடுத்தே பழகிய ஊருக்கு வேறென்ன வேண்டும்? தணிகாசலத்துக்கு மட்டும் ஆசை அடங்கவில்லை. கடலுக்குப் போகும்போது ஒரு குத்து, வரும்போது ஒரு குத்து.

"போதுங்க, கதவு பாவம்" என்று சிரிப்பாள் அவன் மனைவி பூங்கோதை.

ஐப்பசியில் புயல் வந்தது. வீடு அசையவில்லை. காற்று அடங்கியதும் தணிகாசலம் படகைப் பார்க்கப் போனான். மழை மட்டும் விடவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து, அடி வாங்கித் தடித்த நார் உப்பி, கதவு நிலையோடு இறுகிக்கொண்டது. ஜன்னல்களும் காற்றுத் துவாரங்களும் அடைந்துபோயின. அவன் திரும்பி வந்தபோது பூங்கோதை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாள்.

கடப்பாரையால் இடித்தான். அக்கம்பக்கத்தார் கோடரியோடு ஓடிவந்தார்கள். இடித்த இடமெல்லாம் முன்னைவிடப் புடைத்து எழுந்தது. தீயணைப்பு அதிகாரி பெனடிக்ட் ரம்பத்தால் அறுத்த கோடும் கண்ணெதிரே மூடிக்கொண்டது.

"எல்லாரும் நிறுத்துங்க!" என்றார் அவர். "அடிக்க அடிக்க இன்னும் இறுகுது. யாரும் தொடாம விட்டாத்தான் நார் தளரும்."

"எவ்ளோ நேரம் சார்?" என்றான் தணிகாசலம்.

"தெரியலப்பா. இவ்ளோ அடி வாங்குன கதவ நான் பாத்ததில்ல."

"உள்ள காத்து?"

பெனடிக்ட் அடைந்துபோன துவாரங்களை அண்ணாந்து பார்த்தார்.

ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அது கேட்டது. டொக், டொக். பூங்கோதை உள்ளேயிருந்து தட்டினாள். தணிகாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த கணமே பதறினான். அவள் தட்டினாலும் கதவு இறுகத்தானே செய்யும்!

நிலையோரம் வாயை வைத்து அலறினான். "கோதை! தட்டாதம்மா! கையை எடு!"

டொக். டொக்.

"தட்டாதடி!"

சத்தம் நின்றது.

அவன் கத்தியது காதில் விழுந்துதான் நிறுத்தினாளா? அவனுக்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து ஒரே ஒரு தடவை தட்டினால் போதும், உயிரோடு இருந்தால் பதிலுக்குத் தட்டுவாள். கை தானாகக் கதவை நோக்கிப் போனது. பெனடிக்ட் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.