காய்ந்த தலையணை

வெங்கிடேஷின் தலையணை காய்ந்து கிடந்தது. சுபாஷிணி இரண்டு பக்கமும் திருப்பித் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை. மனநோய்க்கு குளோசபின் மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து தம்பி உறங்கினால் வாயிலிருந்து எச்சில் வழிந்து தலையணையே ஊறிவிடும். உறையைத் துவைத்துத் துவைத்து அவள் விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது.

எத்தனை மருந்து, எத்தனை டாக்டர்! அவன் காதுக்குள் ஓயாமல் பேசுகிற அந்த ஒருத்தி மட்டும் எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் முந்தாநாள்தான் எர்ணாகுளத்து டாக்டர் குளோசபினோடு இன்னொரு மாத்திரையையும் சேர்த்தார். இதற்கும் கேட்காவிட்டால் மறுபடி மனநல வார்டுதான் என்றார். சேர்த்த பிறகு தம்பி சிரித்தான், சாயா கேட்டான், குரல் கேட்கவில்லை என்றான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

"மாத்திரையை எங்கடா துப்பினே?"

"துப்பல அக்கா. புதுசு எனக்கு, பழசு அவளுக்கு. அவளுக்கும் உறக்கம் வேணும்ல? இப்ப நல்லா உறங்குறா."

"எங்கே?"

அவன் பின்னறையைக் காட்டினான்.

"சே, என் தலையெழுத்து!" தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தும் ஏமாற்றியிருக்கிறான். ஆத்திரத்தோடு பின்னறைக் கதவைத் தள்ளினாள். யாரும் படுக்காத அறை. பட்டப்பகலிலும் மழை இருட்டு. பக்கத்துக் கிடங்கிலிருந்து வரும் சுக்கு வாசனை, ஓட்டின் மேல் விடாத மழைச் சத்தம், மூலையில் பழைய கட்டில். குனிந்து கட்டிலடியில் துழாவினாள். ஜன்னல் விளிம்பில், பாயின் மடிப்பில் தேடினாள். ஒரு மாத்திரைகூட இல்லை.

நிமிரும்போது கை தலையணையில் பட்டது.

ஈரம்.

ஓடு ஒழுகுகிறதோ? அண்ணாந்து பார்த்தாள். ஒழுகவில்லை. விரலை முகர்ந்தாள். தினமும் துவைக்கிற அதே புளித்த வாடை.

"போதும்டா சாமி, இதையும் நானே துவைக்கணுமா!" அழுகை முட்டியது. தலையணையின் மூலையைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை.

மறுபடி இழுத்தாள். மேலே பாரம். நடுவில் தலை அழுந்தியதுபோல் ஒரு குழி. குழிக்கு மேலே, வழியும் எச்சிலை உறிஞ்சி விழுங்கும் சத்தம்.

"மெல்ல, அக்கா." வாசலில் வெங்கிடேஷ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றான். "எழுந்திரிச்சிருவா."

குழி மெல்ல மேலெழும்பிச் சமமானது. தலையணை லேசாகி அவள் கையோடு வந்தது.