படகு வால் வண்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தங்கள் கண்ணை நம்பத் தெரியவில்லை. பக்கத்து அறை மாசிலன் காலையில் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தபடி காத்திருப்பான். விழிக்குள் பதித்த பெயர்சொல்லி, ‘இட்லி, வெந்தது, உண்ணத்தக்கது’ என்று எழுத்துக் காட்டிய பிறகுதான் வாயைத் திறப்பான். பெற்ற தாய் எதிரே வந்தாலும் எழுத்து வரும்வரை சிரிக்க மாட்டான். செவ்வாய்க் கிரகத்தில், ஊரையே மூடிக் கட்டிய எங்கள் தெற்குக் குடிலில் எல்லோரும் இப்படித்தான். மொட்டை, காதுகுத்து, கண்பதிப்பு, மூன்றும் ஒரே பந்தலில் முடிந்துவிடும்.

எனக்கு அது கிடையாது. பதிக்க வந்தவனை முதலில் என் தகப்பன் விரட்டினார், பிறகு நான் விரட்டினேன். நான் பார்ப்பதற்கு எவனோ பெயர் வைப்பானாம், நான் தலையாட்ட வேண்டுமாம்.

அந்தப் பெயர்சொல்லிக்கே பெயர் தெரியாத பொருள் எங்கள் குடிலில் ஒன்றே ஒன்று இருந்தது. எங்கள் வண்டி.

முதல் கப்பல்களில் வந்த பெரிய வீட்டுக்காரர்கள் பூமியிலிருந்து தங்கள் பழங்காலத்துக் கார்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இங்கே சாலை கிடையாது, ஊற்றுவதற்குப் பெட்ரோலும் கிடையாது. இருந்தும் கொண்டுவந்தார்கள், உறை போட்டு மூடி வைத்தார்கள். அப்படி ஒரு வீட்டுக்காரர் செவ்வாய் பிடிக்காமல் பூமிக்கே திரும்பியபோது, விட்டுப்போன வண்டியை என் பாட்டனின் தகப்பன் இழுத்து வந்து எங்கள் அறை வாசலில் நிறுத்தினார். எங்கள் அறை அடுக்குப் படுக்கை. படுக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டுமானால் அந்த வண்டியில்தான் உட்கார வேண்டும். நாலு தலைமுறை அதில்தான் உட்கார்ந்தது.

முன்பாதி இரும்பு. பின்பாதி மரம், படகு போலக் கூம்பி வாலாக நீண்டிருக்கும். ஜன்னலுக்கு ஊதாக் கண்ணாடி. கதவோரம் ஒரு செம்புக் கிண்ணம். என் மனைவி சிட்டாள் உரித்த பூண்டை அதில்தான் போடுவாள். எங்கள் மகள் குயிலிக்குப் பல் முளைத்தபோது மர விளிம்பைக் கடித்துக் கடித்து வைத்தாள். இப்போது அவள் சனிக்கிரகத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்டாள். இங்கிருந்து ஒரு வார்த்தை போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிட்டாள் சாயங்காலம் வண்டிக்குள் உட்கார்ந்து, அந்தப் பல் தடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே மகளிடம் பேசுவாள். பதில் வரும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த வண்டிக்குத்தான் ஆபத்து வந்தது. பெயரில்லாத பொருள் எதுவும் குடிலில் இருக்கக் கூடாது என்று பழம்பொருள் காப்பகத்துக்காரர்கள் இனங்காட்டி இயந்திரத்தை அனுப்பினார்கள். ‘சாதாரணம்’ என்று அது சொன்னால் வண்டி எங்களுக்கு. ‘அரிய பொருள்’ என்று சொல்லிவிட்டால் கொண்டுபோய்க் கண்ணாடிக் கூடத்தில் அடைத்துவிடுவார்கள். அதன்பின் எவனாலும் தொட முடியாது. நான் முன்யோசனையாகச் செம்மண்ணைக் குழைத்து மரத்தின் மேல் அப்பி வைத்தேன். நான் அந்தப் பக்கம் போனதும் சிட்டாள் எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டாள்.

இனங்காட்டி வந்தது. குடம் மாதிரி உடம்பு, நாலு கால், ஊசி மாதிரி ஒரு விரல்.

“வணக்கம் பெரியவரே. பெயரற்ற பொருள் இதுதானா?”

“இதான். பழைய தகரம். கோழி அடைக்கக்கூட ஆகாது,” என்றேன்.

“தகரமா?” சிட்டாள் குறுக்கே விழுந்தாள். “தேக்குங்க! சமஸ்தானத்து வண்டி. அந்தக் கண்ணாடியப் பாருங்க, உள்ளருந்து வெளிய தெரியும், வெளியருந்து உள்ள தெரியாது.”

“ஏ புள்ள, வாய மூடு.”

“ஏன் மூடணும்? கல்யாணமான நாள்லருந்து என் கண்ணு இதப் பாத்து ‘பெயரில்லை, பெயரில்லை’ன்னே காட்டுது. வாழ வந்த வீட்டுப் பொருளு அநாதையா நிக்குது. எனக்கு மானம் போகுதுய்யா.”

இனங்காட்டி வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. அந்தக் காலத்துப் பெரிய கம்பெனிகள் இயந்திரத்தையும் சக்கரத்தையும் அடிச்சட்டத்தையும் மட்டும்தான் விற்குமாம். வாங்கியவர் அதை மேனித் தச்சர்களிடம் கொண்டுபோய்த் தனக்கு வேண்டிய மாதிரி உடம்பு கட்டிக்கொள்வாராம். ஜவுளிக் கடையில் துணி எடுத்துத் தையல்காரனிடம் கொடுப்பதைப் போல.

“அடிச்சட்டம் தெரிந்ததுதான். மேனி மட்டும் என் நினைவில் உள்ள எதனுடனும் பொருந்தவில்லை. இனி அடையாளங்களைக் கொண்டுதான் ஊகிக்க வேண்டும்,” என்றது. “கூரை உயரம், தலைப்பாகை இடிக்காமல் இருக்க. ஊதாக் கண்ணாடி, திரைமறைவில் இருக்கும் கோஷாப் பெண்களுக்கு. இருக்கைக்கு அருகே இரண்டு துளைகள், துப்பாக்கி செருக. வேட்டைக்குப் போகும் ஜமீன்தார் ஒருவர், மனைவியையும் அழைத்துச் செல்வதற்காகக் கட்டியது.”

“கேட்டுக்க,” சிட்டாள் என்னை இடித்தாள். “அந்த மனுசன் பொஞ்சாதிய வெளிய கூட்டிட்டுப் போயிருக்காரு.”

“இந்தச் செம்புக் கிண்ணம் வெற்றிலை எச்சில் துப்புவதற்கு.”

சிட்டாள் பூண்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆனால் துப்பாக்கித் துளைகளில் உரசலே இல்லை. கிண்ணத்தில் வெற்றிலைக் கறையும் இல்லை. கட்டியவர் இதை ஓட்டவே இல்லை அம்மா. மூடித்தான் வைத்திருக்கிறார்.”

“கேட்டுக்க,” என்று நான் இடித்தேன்.

“அப்ப இது அரிய வண்டிதானுங்களே?” சிட்டாளின் குரலில் ஆசை வழிந்தது.

“இல்லை அம்மா. ‘உலகிலேயே இது ஒன்றுதான்’ என்று கட்டப்பட்ட வண்டிகள் எங்கள் கூடம் நிறைய இருக்கின்றன. கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து யாரும் ஏறாததால் எல்லாமே பிழைத்துவிட்டன. ஆகவே இது சாதாரணம்.”

எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. சிட்டாள் முகம் சுண்டிவிட்டது. புறப்படத் திரும்பிய இனங்காட்டியின் விரல் மர விளிம்பில் பட்டு நின்றது.

“இதை எந்தக் கருவியால் செதுக்கினார்கள்?”

“பல்லு,” என்றாள் சிட்டாள். “எம் மக பல்லு.”

அது உள்ளே ஏறியது. இருக்கையில் இரண்டு குழிகள், என்னுடையது ஆழம், அவளுடையது கொஞ்சம் கம்மி. தலை சாய்த்த இடத்தில் எண்ணெய்க் கருப்பு. மரத்துக்குள் ஊறிப்போன பூண்டு வாசனை. அது ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது.

“பெரியவரே, இதை நீங்கள் புழங்கினீர்களா?”

“பின்ன? கும்பிடவா வச்சிருக்கோம்?”

“எங்கள் கூடத்தில் மனிதர் உட்கார்ந்த தடமுள்ள வண்டி ஒன்றுகூட இல்லை. புழங்கியவை எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. புழங்கியும் மிஞ்சியது இது ஒன்றுதான். தீர்ப்பை மாற்றுகிறேன். அரிய பொருள். கண்ணாடிக் கூடத்துக்கு...”

“நில்லு!” நான் கதவை மறித்துக்கொண்டேன். “உக்காந்ததாலதான் அரியதுன்னு நீயே சொல்ற. கொண்டுபோயி உக்கார விடாம அடைச்சுட்டா, அதுவும் உன் கூடத்துல மூடி வச்ச இன்னொரு வண்டி. அப்புறம் என்ன அரியது, கிரியது?”

இனங்காட்டி நாலு காலையும் மடக்கி உட்கார்ந்துவிட்டது. பிறகு எழுந்தது.

“மனிதர்கள் யாரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. வண்டி இங்கேயே இருக்கட்டும். ஆனால் வழக்கம்போலப் புழங்க வேண்டும். அடுத்த வருடம் வந்து பார்ப்பேன். புதிதாகத் தேய்மானம் இல்லாவிட்டால் எடுத்துச் சென்றுவிடுவோம்.” விரலால் வண்டியை ஒரு தட்டுத் தட்டி, குடில் முழுக்க எல்லாக் கண்களிலும் ‘அரிய பொருள்’ என்று அதன் பெயரை ஏற்றிவிட்டுப் போனது.

இவ்வளவு சுலபமாக ஒரு இயந்திரம் விட்டுக்கொடுக்குமா என்று எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது.

மறுநாள் சாயங்காலம் டீ டம்ளரோடு போனேன். இருக்கை மேல் பயிர்க்கூடத்துப் பிளாஸ்டிக் தாள், மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. கதவுப் பிடியில் துணி சுற்றியிருந்தது. பூண்டைக் காணோம். சிட்டாள் வெளியே நின்று, விழி விரிய வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யோவ், செருப்பக் கழட்டு,” என்றாள். கழற்றினேன். “கழட்டுனாலும் ஏறாத. அங்கயே நின்னு குடி.”

“ஏ புள்ள, புழங்கணும்னுதான அது விட்டுட்டுப் போச்சு? இல்லாட்டி தூக்கிட்டுப் போயிரும்.”

“நல்ல நாள் பெரிய நாள்னா ஏறிக்குவோம். பாக்குறப்பல்லாம் ‘அரிய பொருள், அரிய பொருள்’னு கண்ணுல மின்னுதுய்யா. அது மேல எப்படிக் கால வைக்க?”

“முந்தாநாள் வரைக்கும் வச்சியே?”

“முந்தாநாள் அதுக்குப் பேரு இல்ல.”

“மககிட்ட எங்க உக்காந்து பேசுவ?”

“நின்னுக்கிட்டே பேசுறேன்.” ஜன்னல் வழியே கையை விட்டு, மர விளிம்பைக் கட்டைவிரலால் தேடினாள். அங்கேயும் தாள்தான். விரல் வழுக்கிக்கொண்டு போனது. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. நான் கவனித்தேன்.

“சரி, என்னையப் பாத்தா உன் கண்ணுல என்ன எழுத்து வருது?”

என் பக்கம் திரும்பி, எழுத்து வரும்வரை ஒரு கணம் காத்திருந்தாள்.

“கிழவன். சாதாரணம்,” என்று படித்துவிட்டுச் சிரித்தாள். “அதனாலதான்யா உன்னைய இத்தன காலமா புழங்கிக்கிட்டு இருக்கேன்.”

டீ ஆறிவிட்டது. வண்டியை இன்னொரு தடவை பார்த்தேன். என் வெறும் கண்ணுக்கு அது முந்தாநாள் நின்ற அதே வண்டிதான். அது அரியது என்றதையும் நான் நம்பவில்லை, நான் சாதாரணம் என்றதையும் நம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டினேன்.