அலகில்லாத பறவை

“மரத்துல வாழுற அபூர்வத் தவளை இங்க இருக்குன்னு சொன்னீங்கல்ல? பதினோரு மணிக்குள்ள அதைக் காட்டுங்க. இல்லேன்னா குட்டையை மூடிருவேன்!”

தேயிலைத் தோட்ட மேனேஜர் பெலிக்ஸ் கெடு வைத்துவிட்டார். மண் ஏற்றிய டிராக்டரும் தயார்.

உடனே குட்டையைச் சுற்றியிருந்த சோலைக்குள் பாய்ந்தது மாபெரும் படை. படையில் இயற்கை முகாமுக்கு வந்த இரண்டே பேர். பறவைப் பைத்தியம் கதிர்வேந்தன், தவளைப் பைத்தியம் நிலோஃபர். ஆயுதங்கள்: ஒரு தொலைநோக்கி, ஒரு குடை, நான்கு பொட்டலம் எலுமிச்சைச் சாதம்.

மழை! அட்டைகள்! வழுக்குப் பாறை! கதிர்வேந்தன் மூன்று முறை விழுந்தான். மூன்று முறையும் தொலைநோக்கியை உயரப் பிடித்தபடி, கௌரவமாகவே விழுந்தான்.

எதிர்க்கரையைச் சலித்துவிட்டு வந்த நிலோஃபரின் முகம் வாடியிருந்தது. மணி பத்தே முக்கால்.

“ஒண்ணுகூட இல்லடா. உனக்கு?”

“தவளை இல்ல. ஆனா புதுப் பறவை ஒண்ணு!” அவன் பெருமையாகக் குறிப்பேட்டை நீட்டினான்.

அவள் படித்தாள். ‘பச்சை நிறம். சிவந்த கால்கள். கிளைவிட்டுக் கிளை மிதந்து போனது. சிறகடிக்கவில்லை. அலகு தெரியவில்லை.’

“அலகு இல்லாத பறவையாடா, லூசு?”

“மழைல சரியாத் தெரியல...”

“கால் விரலுக்கு நடுவுல சிவப்பா ஜவ்வு இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஏன்?”

“அதான்டா பறக்கும் தவளை! எந்த மரம்? ஓடு!”

ஓடினார்கள்! பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தது டிராக்டர். பெலிக்ஸ் இறங்கினார்.

“தவளை எங்கம்மா?”

கதிர்வேந்தன் காட்டிய மரத்தின் கிளையை நிலோஃபர் மெல்ல அசைத்தாள். விர்ரென்று கைகால் விரித்துக் காற்றில் மிதந்து வந்தது பச்சைத் தவளை! நேராக மேனேஜரின் தொப்பியில் இறங்கியது.

“ஐயோ, எடும்மா!”

“அசையாதீங்க சார். அங்க பாருங்க, அதுங்க கூடு.”

தண்ணீருக்கு மேலே, இலையில், வெள்ளை நுரை உருண்டை தொங்கியது. அதிலிருந்து ஒரு தலைப்பிரட்டை நழுவிக் குட்டைக்குள் விழுந்தது. பளக்!

பெலிக்ஸ் தொப்பியோடு சிலையாக நின்றார். பிறகு டிரைவரைப் பார்த்து, “திருப்புப்பா வண்டிய. குட்டை அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

நிலோஃபர் கூவிக்கொண்டே குதித்தாள். கண்டதை முதலில் எழுது, பெயரை அப்புறம் வை என்று கதிர்வேந்தன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருவரும் வெற்றிக் களிப்புடன் முகாமுக்குக் கிளம்பினார்கள்.

மேனேஜர் மட்டும் நகரவில்லை. பளக்!

“ரெண்டு,” என்றார்.