ஒப்புதலுக்குக் காத்திருப்பவை

அழித்த பதிவு மறுபடியும் வந்து நின்றது.

'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை: 1' என்று திரையின் மூலையில் சிவப்பு எழுத்து. சற்று முன் செண்பகராஜேதான் அதை அழித்தான். நிஜமாகவே அழிக்கவா என்று கேட்டதற்கும் ஆம் என்று அழுத்தினான். எண் பூஜ்யமானது, சிவப்பு மறைந்தது. அப்பாடா என்று பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் ஒன்று. நெட் மெதுவாக இருந்தால் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தினமும் சொல்லும் சமாதானத்தை இப்போது தனக்கே சொல்லிக்கொண்டான். பக்கத்தைப் புதுப்பித்தான். ஒன்றுதான் இருந்தது.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பின்மதியம். கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் அவனுடைய பிரவுசிங் சென்டர். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தான். கீழே திருச்செந்தூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவனின் குரல், யாரோ வறுக்கும் கடலையின் மணம், வெயிலில் காய்ந்த தார் வாடை எல்லாம் ஷட்டருக்கு அடியில் நுழைந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. பிளைவுட் தடுப்பு வைத்த கேபின்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நீலத்திரை தொங்கியது. ஆள் யாருமில்லை. இதையெல்லாம் ஒருமுறை எழுந்து பார்த்து உறுதி செய்துகொண்டான். 

'கரிசல் சொந்தங்கள்' என்ற இணையக் குழுமத்துக்கு அவன்தான் நிர்வாகி. துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் போய்க் கிடக்கிற இந்தப் பக்கத்து ஆட்கள், இங்கேயே இருக்கிற அவர்களுடைய அக்கா தங்கைகள் என்று நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. இப்போது குழுமம் புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறது. துபாயில் இருக்கும் தங்கப்பாண்டியன்தான் மாற்றிக் கொடுக்கிறான். நேற்று போனில் விளக்கிச் சொன்னான்.

"அண்ணாச்சி, என்னென்ன வசதி வேணும், எது வேண்டாம்னு டிக் பண்ணி அனுப்பிருங்க. நாளைக்கு ராத்திரி மாத்திருதேன். போட்டோ, தனிமடல், பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் உங்க இஷ்டம். நிர்வாகி ஒப்புதல் மட்டும் யோசிச்சுச் செய்ங்க. அதை எடுத்துட்டீங்கன்னா, இப்ப நிக்கிற பதிவெல்லாம் தானா ஏறிரும். எழுதுன தேதி, நேரத்தோட."

"வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கிட்டா நீங்க பாத்து அழிக்க வேண்டியதை அழிச்சுக்கிடலாம். ஆனா பொம்பளையாளுக எல்லாம் அந்த ஒப்புதலே வேண்டாங்காவ. அவிய எழுதுறதுதான் ஏறுறதுக்கு நேரமாகுதாம்."

நேரம் ஆகத்தான் செய்யும். பெண்கள் எதை எழுதினாலும் செண்பகராஜ் அவர்கள் வீட்டு ஆம்பிளைக்கு ஒரு போன் போட்டு, போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஒரு பெண் எழுதிய பணியாரக் குறிப்புக்குக் கீழே எவனோ கிண்டலாக எழுதி, அவளுடைய அண்ணன் சண்டைக்கு வந்ததிலிருந்து இவனாக ஆரம்பித்த பழக்கம். பதிவில் என்ன இருந்தாலும் சரி, கேட்டுவிடுவான். செண்பகராஜ் அண்ணாச்சி மரியாதை தெரிஞ்ச ஆளு என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சு அவனுக்கு எவ்வளவு இனித்தது! 

காத்திருந்த அந்த ஒற்றைப் பதிவு சுகுணாவுடையது. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பிறந்து, இடைசெவலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் வாக்கப்பட்டவள். புருஷன் மணிகண்டபிரபு வீட்டிலேயே சின்னதாகத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் வைத்திருந்தான். கணக்குப் பார்க்க வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரில் அவள் குழுமத்துக்கு எழுதுவாள். சீனியவரைக்காய் வத்தல் போடுவது எப்படி என்று அவள் எழுதியதைப் பார்த்து சிங்கப்பூரில் மொட்டை மாடியில் வத்தல் காயப்போட்டவர்கள் உண்டு. போன மாசியில் ஒருநாள் வத்தலும் வடகமும் இல்லாமல் இது வந்தது:

'அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எப்போதும்வென்றான்ல எங்க அம்மாவுக்கு யாராவது சொல்லி விடுங்க. போனைப் பிடுங்கி வச்சுக்கிட்டாவ. இங்கன இருந்தா என்னைய உயிரோட விடமாட்டாவ. வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சீக்கிரம்.'

படித்ததும் எப்போதும்வென்றானுக்கு யாரிடம் சொல்லி விடலாம் என்றுதான் யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் முதலில் மணிகண்டபிரபுவுக்குத்தான் போன் போட்டான்.

"தம்பி, வீட்டுல தங்கச்சி பேர்ல ஒண்ணு வந்திருக்கு. போடலாமா?"

"என்னன்னு வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தான். முழுசாக வாசித்தான். 

"வேண்டாம் அண்ணாச்சி. நல்லவேளை கேட்டீங்க. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் சுகுணா கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் இறைக்கப் போனவள் கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். செண்பகராஜ் சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனான். மணிகண்டபிரபு எழுந்து வந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். சுகுணாவின் அம்மா தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தவள், இவனைப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல எழுதுவாளே தம்பி, கடைசியா எதுவும் எழுதலையா எம்மவ?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்று சொன்னான்.

பாவி. அந்த 'இல்லம்மா'வை அன்றிலிருந்து சோற்றோடு விழுங்கிக்கொண்டிருக்கிறான். பதிவை ஏற்றவும் மனம் வரவில்லை, அழிக்கவும் கை வரவில்லை. இன்றைக்குத்தான் துணிந்து அழித்தான். அது போக மாட்டேன் என்கிறது.

மறுபடியும் அழித்தான். மறுபடியும் பூஜ்யம். இந்தத் தடவை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கரண்ட் போனது. மின்விசிறி கடைசிச் சுற்றுகளைச் சுற்றி நிற்க, யு.பி.எஸ் விட்டுவிட்டுக் கீச்சிட, வெளியே திடீரென்று மேகம் மூடி, ஷட்டருக்கு அடியில் இருந்த வெயில் கோடு மங்கி, அவனுடைய கம்ப்யூட்டர்த் திரையின் வெளிச்சம் மட்டும் கேபின் திரைகளின் மேல் நீலமாக விழுந்தது. கடலை மணம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு வாடை, பாசி பிடித்த கல்லும் வெகுநாள் வெயில் படாத தண்ணீரும் சேர்ந்த வாடை, கேபின்கள் பக்கமிருந்து மெல்ல மெல்ல வந்து மூக்கில் ஏறியது. கோடையில் ஊரே தண்ணீருக்குப் பறக்கிறபோது மாடி அறைக்குள் இந்த வாடை எங்கேயிருந்து வரும்?

யு.பி.எஸ்ஸின் இரண்டு கீச்சுகளுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. விசைப்பலகையைத் தட்டுகிற சத்தம். பழகாதவர்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுவார்களே, அப்படி. ஒரு தட்டு. நிறுத்தம். இன்னொரு தட்டு.

"யாரு உள்ள?"

சத்தம் நின்றது.

எழுந்து போய் ஒவ்வொரு திரையாக விலக்கினான். யாருமில்லை. கடைசிக் கேபினில் மானிட்டர் அணைந்து கிடந்தது. நாற்காலியின் ரெக்சின் இருக்கையில் கையை வைத்தான். சில்லென்று ஈரம். சட்டென்று கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு தன் மேசைக்கே ஓடிவந்தான்.

'காத்திருப்பவை: 1.'

போதும். எடுத்துவிடலாம். ஒப்புதலை எடுத்துவிட்டால் அந்தப் பதிவு தேதியோடு ஏறிவிடும். சாவுக்கு முந்தின நாளே அவனிடம் வந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவளுடைய அம்மாவுக்குத் தெரிந்துவிடும். காறித் துப்பட்டும். போலீஸ் வந்தாலும் வரட்டும். 'நிர்வாகி ஒப்புதல்' என்பதற்கு எதிரே இருந்த 'வேண்டாம்' கட்டத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனான். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அழுத்தவில்லை. கை போனை எடுத்தது. பெண்பிள்ளை பதிவு ஏறப்போகிறது, வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? என்ன புத்தி இது! கொன்றவனிடமே கேட்கப் போகிறோம் என்று தெரிந்தும் விரல் மணிகண்டபிரபுவின் எண்ணை அழுத்திவிட்டது.

எடுத்தது மணிகண்டபிரபுவின் அம்மா சுப்புத்தாய். பின்னால் ஏகப்பட்ட ஆட்களின் கூச்சல்.

"யாரு, செண்பகராஜ் தம்பியா? எம்புள்ளையக் காணோமே தம்பி!"

"எங்க போனாரு?"

"நேத்து சாயந்தரம் ஒரு புள்ள போன்ல கூப்பிட்டுச்சு. உங்க மகனைக் கூட்டிட்டுப் போகட்டுமாம்மான்னு தன்மையாக் கேட்டுச்சு. அவனுக்கு ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பாக்கச் சொல்லியிருந்தோம்லா? தரகர் வீட்டு ஆளாக்கும்னு, கூட்டிட்டுப் போ தாயின்னேன். அதுலருந்து ஆளக் காணோம். செருப்பு கிணத்தடியில கெடக்கு. தீயணைப்புக்காரவ இப்பத்தான் உள்ள இறங்கியிருக்காவ..."

கூச்சல் பெரிதானது. யாரோ "இருக்கு, இருக்கு, கயித்த விடு" என்று கத்தினார்கள். சுப்புத்தாய் வீறிட்டாள். தொடர்பு அறுந்தது.

செண்பகராஜ் அப்படியே உட்கார்ந்திருந்தான். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, சீ, அவனுக்கே அருவருப்பாக இருந்தது, ஒரு கணக்கு ஓடியது. மணிகண்டபிரபுவும் போய்விட்டான். தான் போன் செய்து வாசித்துக் காட்டியது தெரிந்த ஒரே ஆள் அவன்தான். இனி யாருக்கும் தெரியாது. அவள் அம்மா முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். மரியாதை தெரிஞ்ச ஆளாகவே இருந்துவிடலாம். ஒரே ஒரு கட்டம்.

'வேண்டும்' என்பதில் அழுத்தினான். சேமித்தான். தங்கப்பாண்டியனுக்கு அனுப்பினான். பதிவை அழித்தான்.

பூஜ்யம்.

"மன்னிச்சிரு தாயி," என்றான் வாய்விட்டு. அழுகை வந்தது. நிஜமான அழுகைதான். அழுதுகொண்டே அவளை இரண்டாவது தடவையும் அழித்திருந்தான்.

கடைசிக் கேபினில் மறுபடியும் தட்டுகிற சத்தம். இப்போது நிறுத்தி நிறுத்தி அல்ல. சரசரவென்று. வேகமாக. முடிந்தது.

'காத்திருப்பவை: 1.'

திறந்தான். பழைய வாசகம் இல்லை. ஒரே வரி.

'சரி அண்ணாச்சி. நானே கேட்டுக்கிடுதேன்.'

போன் அடித்தது. வீட்டு எண். மனைவி ராதாமணி.

"ஏங்க, இப்ப ஒரு புள்ள வீட்டுக்குப் போன் பண்ணிச்சு. யாரு அது?"

அவன் கடைசிக் கேபின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"லைன்ல ஒரே இரைச்சல், தண்ணி விழுத மாதிரி. அண்ணாச்சிக்கு என்னைய நல்லாத் தெரியும்னு சொல்லுச்சு. ரொம்ப மரியாதையான புள்ள. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்லா மதினி, அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? ஏதோ கம்ப்யூட்டர் வேலை போலன்னு, சரி கூட்டிட்டுப் போம்மான்னேன். ஏன், சொல்லியிருக்கக் கூடாதா?"

கடைசிக் கேபினில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. திரை வளையங்கள் கம்பியில் உரசின. நீலத்திரை ஒதுங்கியது.

"ராதா."

"ம்?"

"போனை வச்சிராத. பேசு."

"என்னத்தப் பேச? என்ன ஒரு மாதிரி பேசுதீங்க?"

"எதையாவது பேசு. வச்சிராத."

"அடுப்புல பால் பொங்குது. வீட்டுக்கு வந்து பேசிக்கிடுவோம்."

வைத்துவிட்டாள்.

செண்பகராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ம்," என்றான். "சொல்லு." கொஞ்சம் இடைவெளி விட்டான். "அப்படியா? அப்புறம்?" காதில் எந்தச் சத்தமும் இல்லை. "சரி சரி. மேல சொல்லு."

மேசைக்கு அந்தப் பக்கம், ஊறி வெளுத்த முகத்தோடு, நனைந்த சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கைகளைக் கட்டியபடி, அண்ணாச்சி பேசி முடிக்கட்டும் என்று சுகுணா காத்து நின்றாள்.