இடது பின்பக்க ஸ்பீக்கர்

பேசில் வின்ட்ரோப்பின் வீட்டு வாசலில் நான் வேனை நிறுத்தியபோது காலை பத்தரை மணி. ஆஸ்திரேலியாவின் மில்டுராவில் நடுக்கோடையான பிப்ரவரி மாதத்துப் பத்தரை மணிக்கு ஸ்டீயரிங்கைக்கூடத் தொட முடியாது. பேய் பிசாசை நினைத்துப் பயப்படுகிற வேளையே இல்லை. ஆனாலும் நான் இறங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுச் சீலிங்குக்கு மேலே, கூரைக்கு அடியிலுள்ள இடுக்கில்தான் என் கூட்டாளி கெல் ராட்லி மின்சாரம் பாய்ந்து செத்தான். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால், மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயம் ஓடிய நாளில்.

கெல் எலெக்ட்ரீஷியன். நான், டெஸ் ஹாலரன், வீடுகளில் தியேட்டர் ஒலி அமைத்துக் கொடுப்பவன். பதினோரு வருஷம் ஒரே வேனில் சுற்றினோம். சீலிங்குக்கு மேலே ஏறுகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்ட வேண்டும். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது. கெல் இரண்டையுமே செய்யவில்லை என்று மரண விசாரணையில் முடிவாயிற்று. அதோடு ஊரில் அவன் பெயர் கெட்டது. தொழில் பழக வருகிறவர்களிடம் 'ராட்லி மாதிரி ஏறாதே' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் மனைவி டானியா அதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு அடிலெய்டுக்குப் போய்விட்டாள்.

"வேனுக்குள்ளயே வெந்து சாகப்போறியா, டெஸ்? உள்ள வாய்யா!" என்று வாசலிலிருந்து கத்தினார் பேசில்.

எழுபது வயது. திராட்சை உலர்த்தும் ஆலை வைத்திருந்த மனுஷன். போன கோடையில் சட்டைப் பொத்தான் தெறிக்கிற உடம்பு. இப்போது அதே சட்டை அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது.

"என்ன தொந்தரவு?" என்றேன்.

"பின்னாடி, இடது பக்க ஸ்பீக்கர். பேசக் கூடாதப்ப பேசுது."

"வேற ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கூப்பிடாமலா? மூணு பேர் வந்தானுங்க. மூணாவது ஆளு கருவிப் பெட்டியையே விட்டுட்டு ஓடிட்டான். அதோ கெடக்கு பாரு. எம் பொண்டாட்டி கிளெனிஸ், மக வீட்டுக்குப் போய் ஒரு மாசமாச்சு. அந்தச் சனியனைப் பிடுங்கி எறிஞ்சாத்தான் வருவாளாம். அவ வரணுமா வேணாமாங்கறது இப்ப உன் கையில இருக்கு."

தியேட்டர் அறைக்கு ஜன்னல் கிடையாது. தரையில் கனமான கம்பளம், சுவரெல்லாம் கறுப்புத் துணி. கதவைச் சாத்தினால் வெளியே இருக்கிற வெயிலும் குக்கபாரா பறவையின் சிரிப்பும் ஒரே நொடியில் காணாமல் போகும். ஏதோ பூ வாசனைத் திரவத்தை நிறைய அடித்திருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. கருகிய பிளாஸ்டிக்.

நான் வேலையில் இறங்கினேன். பேசில் வீட்டில் டிஸ்க் பிளேயர் ஒன்று, இணையத்தில் படம் காட்டும் பெட்டி ஒன்று, பேரப்பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி ஒன்று, டிவி ஒன்று. நாலும் நாலு விதமாக ஒலியை அனுப்பும். ஒன்று ஏழு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும். ஒன்று எல்லாவற்றையும் பிசைந்து இரண்டாக்கிவிடும். இன்னொன்று இரண்டே இரண்டு வந்தாலும் மீதி ஐந்தைத் தானே கற்பனை பண்ணிக்கொள்ளும். இதில் ஒன்று தப்பாக இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்கும். பேய் என்று சொல்லி என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல், யாரோ ரிமோட் மேல் உட்கார்ந்ததால் வந்த வினை.

நாலையும், வந்த ஒலியை வந்தபடியே தொடாமல் அனுப்பும்படி மாற்றினேன். ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் கற்பனைச் சமாச்சாரம் எல்லாவற்றையும் அணைத்தேன். பிறகு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைக் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் போட்டேன். அது ஒற்றைச் சேனல் ஒலி. முன்பக்கத்தைத் தவிர வேறெங்கும் வர வழியில்லை.

வர்ணனை முன்னால் ஓடியது. கூட்டம் கை தட்டியது.

பின்னால், இடது பக்கத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

புழுதி அடைத்த மூச்சு. கூடவே ஒரு துணி மரத்தில் உரசி உரசி இழுபடும் சத்தம். முழங்கையை ஊன்றி ஊர்ந்து போகிற ஒருவனின் சத்தம்.

"கேட்டியா?" என்று கிசுகிசுத்தார் பேசில்.

நான் எழுந்து போய் அந்த ஸ்பீக்கரின் கம்பியை உருவினேன். கம்பி என் கையில் இருந்தது.

மூச்சு நிற்கவில்லை.

பயந்தவன் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வான். நான் அளவெடுக்கும் மைக்கை எடுத்து, பேசில் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், அவர் காது உயரத்தில் நிறுத்தினேன். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஸ்ஸ்' என்று ஒலி எழுப்பும். அந்த ஒலி மைக்குக்கு வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்து, எந்த ஸ்பீக்கர் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று திரையில் சொல்லும். அளக்கும்போது அறையில் ஆள் இருக்கக் கூடாது. நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டோம்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். கம்பி உருவிய ஸ்பீக்கருக்கு நேரே 'இல்லை' என்று வந்திருக்க வேண்டும்.

4.1 மீட்டர் என்று இருந்தது.

நாற்காலிக்கும் பின்சுவருக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான். கெல் கிடந்த இடம் அதற்கும் அப்பால், சீலிங்குக்கு மேலே. மறுபடி அளந்தேன்.

2.3 மீட்டர்.

"டெஸ்." பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல். பதினோரு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் என்னைக் கலாய்த்த குரல். "அட்டை மாட்டினேன்ல, மச்சான்? நீ பாத்தேல்ல?"

நான் பேசிலைப் பார்த்தேன்.

"அன்னைக்கு சுவிட்சுல அட்டை தொங்குச்சு. அதை யாரு எடுத்தது?"

பேசில் முகத்தில் பயத்தை மீறிக்கொண்டு கோபம் வந்தது. "எங்கிட்ட கேக்கறியா? விசாரணையில கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினது நீ. 'கெல் அவசரக்காரன், மறந்திருப்பான்'னு சொன்னது நீ. அட்டையே இல்லைன்னு நான் சொன்னதை மட்டும் எவன் நம்பியிருப்பான்? நீ சொன்னதைத்தான் எழுதிக்கிட்டானுங்க."

உண்மைதான். சொல்லிவிடுகிறேன். கெல் அட்டை மாட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். "சுவிட்சுப் பக்கத்துல நில்லுடா, பேசில் ஒரு மாதிரி ஆளு," என்று சொல்லிவிட்டுத்தான் அவன் ஏறினான். மணி மூன்றாகப் போகிறது. வருஷத்தில் கப் பந்தயம் ஓடும் அந்த மூன்று நிமிடம் இந்த நாட்டில் எவனும் வேலை செய்ய மாட்டான். ஓட்டம் முடிந்ததும் ஓடி வந்துவிடலாம் என்று நான் தெருமுனைக் கிளப்புக்குப் போனேன். கையில் பீரோடு திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அட்டை இருந்தது என்று சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி 'நீ எங்கே இருந்தாய்' என்பதுதான். அதனால் என் சிநேகிதனை முட்டாளாக்கினேன். அதை நினைத்து நான் தூங்காத நாட்கள் உண்டு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பேசில் மைக்கை நாற்காலியிலிருந்து தூக்கினார். தானே உட்கார்ந்து அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"அளந்து தொலை. செத்தவனுக்குப் பயந்து எம் வீட்டை விட்டு நான் ஓடணுமா? வரட்டும். வந்து எம் மூஞ்சிக்கு நேரா பேசட்டும்."

"வேணாம், பேசில். எந்திரிங்க."

"அமுக்குய்யா!"

அமுக்கினேன். ஏன் அமுக்கினேன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். கெல் அவரைத் தேடித்தான் வருகிறான், என்னையல்ல என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தி, அதில் காதை வைத்தேன்.

ஸ்ஸ். முன் இடது. ஸ்ஸ். நடு. ஸ்ஸ். முன் வலது. ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. கடைசியில் இடது பின்பக்கத்தின் முறை.

ஒலி வரவில்லை.

பேசிலின் குரல் வந்தது. "மூணே நிமிஷம்னு நெனச்சேன், கெல்! குதிரைங்க கேட்ல நின்னுடுச்சு. அட்டையைப் பிச்சு அடுப்புல போட்டுட்டு, டிவி பாக்க சுவிட்சைப் போட்டுட்டேன். நீ மேல கம்பியைப் பிடிச்சிட்டிருப்பேன்னு எனக்கு எப்படிய்யா தெரியும்?"

பிறகு அவரே கிசுகிசுத்தார். "தெரியும்."

கதவு திறக்கவில்லை. தோளால் மோதினேன். உள்ளே குளம்புச் சத்தம் கிளம்பியது. முன்னால் தொடங்கி, வலப்பக்கம் போய், பின்னால் வளைந்து, இடப்பக்கம் வந்து, மறுபடி முன்னால். ஒவ்வொரு சுற்றிலும் வட்டம் சுருங்கியது. நான் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். வீடு முழுவதும் செத்த அமைதி. ஏசி நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது.

குளம்புகள் நிற்கவில்லை.

பேசில் அலறினார். ஒரே ஒரு அலறல். அதோடு கதவு தானாகத் திறந்துகொண்டது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அவர் உயிரோடுதான் இருந்தார். இரண்டு உள்ளங்கைகளும் கரிந்திருந்தன, கெல்லின் கைகள் இருந்தபடியே. கழுத்து இடது பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஊட்டிவிடுகிறவர்கள் எதிரே உட்கார்ந்தாலும் அவர் அந்தப் பக்கம்தான் பார்க்கிறார். பக்கவாதம் என்றார்கள் டாக்டர்கள். மின்சாரம் இல்லாத வீட்டில் கை எப்படிக் கரிந்தது என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. எனக்குப் பாவமாக இல்லை. சத்தியமாக இல்லை.

ஒரு வாரம் கழித்து மெல்பர்னில் உள்ள மரண விசாரணை அலுவலகத்துக்கு ஃபோன் செய்து புது வாக்குமூலம் கொடுத்தேன். அட்டை இருந்தது, நான் பார்த்தேன், பேசில் அதைக் கிழித்து எரித்ததை அவர் வாயாலேயே கேட்டேன் என்று சொன்னேன். 'அப்போது நீங்கள் எங்கே' என்று கேட்டார்கள். வேனில் கம்பி எடுக்கப் போயிருந்தேன் என்றேன். அது ஒன்றுதான் பொய். கெல்லின் பெயர் சுத்தமானால் போதாதா? டானியாவுக்கும் சொல்லி அனுப்பினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் பகலில், சமையலறையில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அந்த அலுவலகத்துப் பெண்.

"மிஸ்டர் ஹாலரன், உங்க வாக்குமூலத்தைக் கேட்டு எழுதிட்டிருக்கேன். ஒரு சந்தேகம். அன்னைக்கு உங்ககூட லைன்ல வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லையே. நான் மட்டும்தான்."

"எங்க பதிவு ஒரே சேனல்தான் சார். ஹெட்ஃபோன்ல ரெண்டு காதுலயும் ஒண்ணு போலத்தான் கேக்கணும். ஆனா வேனுக்குப் போனேன்னு நீங்க சொல்ற இடத்துல, இடது காதுல மட்டும் இன்னொருத்தர் பேசறார்."

கையிலிருந்த கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

"என்ன... என்ன சொல்றார்?"

"'கிளப்புல இருந்தான்'கறார். திரும்பத் திரும்ப அதையேதான். உங்களுக்கு ஏதாவது..." அவள் பேச்சை நிறுத்தினாள். அந்தப் பக்கம் பட்டனை அமுக்கும் சத்தம், ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைக்கும் சத்தம். மறுபடி பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"சார், பதிவை நான் நிறுத்திட்டேன். இப்பவும் கேக்குது, உங்க ஃபோன்ல இருந்து. உங்க பின்னாடி நிக்கிறது யாரு சார்?"